சாப்பாட்டுக்கு அரைமணி முன்

ஏழரைக்கு வெள்ளைக் குளிசை.
எட்டுக்குச் சோறு.
நடுவில் கிடக்கிற அரைமணியை
என்ன செய்வதென்று
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கோமளேஸ்வரி தட்டை மூடிவைத்திருக்கிறாள்.
குழைய வடித்த சோறு ஒரு அகப்பை,
தோல் சீவிய பூசணி,
முள்ளெடுத்த மணலை மீன் ஒரு துண்டு.
பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட
இதைவிடக் கொஞ்சம் கூடப் போடுவாள்.

இருபத்தொரு வருடச் சீனி வருத்தம்.
முதலில் கால் விரல்கள் மரத்தன.
செருப்புக் கழன்றது தெரியாமல்
கல்லடிப் பாலத்தை நடந்து கடந்திருக்கிறேன்.
வயிறும் அப்படி மரக்கும் என்று
யார் நினைத்தது?

கமெரா விட்டுப் பார்த்த அன்று
பதின்மூன்று மணிநேரப் பட்டினி.
திரையில் தெரிந்தது
முந்தாநாள் தின்ற பொன்னாங்கண்ணி,
ஒரு இலை முழுதாக,
சந்தையில் கழுவி அடுக்கிய மாதிரி.
சிரிப்பு வந்தது. வாய்க்குள் குழாய்.

கீரை தின், கீரை தின் என்று
இருபது வருடம் சொன்ன கிளினிக்
அன்றுதான் கொப்பியில் எழுதியது:
கீரை வேண்டாம்.

ஊசி நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிடும்.
சோறுதான் வந்து சேராது.
ஒருநாள் பெக்கோவின் இருக்கையிலேயே
கை நடுங்கி, சட்டை நனைந்து,
முன்னால் இருந்த மண்மேடு இரண்டாகியது.
உதவிக்கு நின்ற பொடியன் நிரோசன்
சோடாவை உடைத்து வாயில் ஊற்றினான்.
அதுவும் போய் வரிசையில் நின்றது.
சாமம் ஒரு மணிக்கு எல்லாம் சேர்ந்து இறங்க
மீற்றர் காட்டியது நானூற்றுப் பன்னிரண்டு.

முதலில் தந்த குளிசைக்கு
வயிறு அசைந்தது.
கூடவே நாடியும் அசைந்தது.
மாமாங்கக் கோயில் வாசலில் ஒருவர் கேட்டார்,
"என்ன தவேந்திரன், வெத்திலையா?"
வாயில் ஒன்றுமில்லை.
அடுத்த கிளினிக்கில் அதை வெட்டிவிட்டார்கள்.

இரண்டாவது, கிருமிக்குக் கொடுக்கிற மருந்து;
கிருமி இல்லாத எனக்கு.
ஒரு மாதம் நல்லாய்ப் பசித்தது.
மறுகா,
கடன்காரன் குரலுக்குப் பழகிய வீடு மாதிரி
வயிறு திறக்கவேயில்லை.

மூன்றாவது இது.
இதற்கு முதலில் நெஞ்சில் வயர் ஒட்டிக்
கோடு எடுத்தார்கள்.
டொக்டர் ஷிஃப்னா அந்தத் தாளை
யன்னல் வெளிச்சத்தில் பிடித்து
ஒரு வளைவை நகத்தால் அளந்தார்.
"நாளைக்கு மூண்டுதான். கூட்டிப் போடாதீங்க.
நெஞ்சு படபடத்தா, தலை சுத்தினா
கிளினிக் நாளைப் பார்த்து நிக்காம வாங்க.
இனி ஊசி, சாப்பிட்ட பிறகு."

கொப்பியின் பின்மட்டையில் வயிறொன்று கீறினார்.
பை மாதிரி, கீழே ஒரு ஒடுக்கம்.
"இதுதான் வாசல்" என்றார்.
"பாலமீன்மடு" என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை.

முகத்துவாரத்தை மூன்று தரம் வெட்டியவன் நான்.
அந்தக் கார்த்திகையில்
படுவான்கரை வயல் கழுத்துவரை தண்ணீர்.
வெட்டு என்றார்கள் வயல்காரர்.
வெட்டினால் இறால் எல்லாம் கடலுக்கு என்றார்கள்
தோணிக்காரர்.
எஞ்சினியரின் கையெழுத்து வரப் பின்னேரமாகிவிட்டது.
நான் மணலில் கீறியது பன்னிரண்டடி அகலம்.
மிச்சத்தை ஆறே வெட்டிக்கொண்டது.
விடிய வந்து பார்த்தால்
பெக்கோ நின்ற இடத்தில் கடல்.

என்னுடைய மணல் அப்படியில்லை.
ஒவ்வொரு சோற்றுக்கும் மூடும்.
நாளைக்கு மூன்று தரம்
பத்து மில்லிகிராம் பெக்கோ.
மாதக் கடைசியில் ஆசுபத்திரியில் முடிந்துவிட்டால்
வெளியே காசுக்கு வாங்கவேண்டும்.

ஏழு ஐம்பத்திநாலு.
"பசிக்குதா?" என்கிறாள் கோமளேஸ்வரி.
மூன்று வருடமாகப் பொய் சொல்லிப் பழகிய கேள்வி.
இன்றைக்கு
உடனே வாய் வரவில்லை.
விலாவுக்குக் கீழே
என்னமோ ஒன்று புரண்டு படுத்தது.

"இன்னும் ஆறு நிமிசம் கிடக்கு" என்றேன்.
அவள் மூடியைத் தூக்கி
மீன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு
திரும்ப மூடினாள்.