அரைப் பேர்

அடிக்குறிப்பு நாற்பத்தொன்று
மூன்று வாரமாக வெறுமையாய்க் கிடக்கிறது.
ஓரத்து மஞ்சள் பெட்டியில்
மேற்பார்வையாளர் அமாலி கேட்டிருக்கிறார்:
ஹாஃப் நேம்? தட்டச்சுப் பிழையா?

பிழைதான், மேடம்.
தட்டச்சில் இல்லை.

பொகவந்தலாவையில் மழை.
ஆறாம் காம்பராவில்
தகரத்தின் இரைச்சலை மீறி
உடன்படிக்கையை உரக்க வாசிக்கிறேன்,
எனக்காவது கேட்கட்டுமென்று.
உறுப்புரை ஏழு. நியாயமான ஊதியம்.
தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும்
கண்ணியமான வாழ்வு.

இஸ்தோப்பில் மதினி தவமலர்
படங்கை அவிழ்த்து உதறிவிட்டு
கெண்டைக்காலில் ஊதிப்போன அட்டைக்கு
உப்பு வைக்கிறாள்.
"இன்னைக்கும் அரைப் பேருதான்" என்கிறாள்,
கடைசி பஸ் போய்விட்டது என்பதுபோல.

எங்கள் தோட்டத்தில்
ஒரு நாள் கூலிக்குப் பேர் என்று பேர்.
பதினெட்டுக் கிலோ நிறுத்தால்
செக்ரோலில் அவள் தவமலர்.
பதினாறைக் கொண்டுபோய்
சாக்குக்கு ஒன்று ஈரத்துக்கு இரண்டு
என்று கழித்துவிட்டால்
தவ.
மலர் மடுவத்திலேயே நின்றுவிடும்,
தராசுக் கொக்கிக்குக் கீழே
நனைந்துகொண்டு.

அரைநாட் கூலி என்று
ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன்.
சரியான ஆங்கிலம்.
அதில் காசு மட்டும்தான் குறைகிறது.

இன்னோர் உடன்படிக்கையில்
உறுப்புரை பதினாறு சொல்கிறது:
எவரும் எங்கும் சட்டத்தின் முன்
ஓர் ஆளாக ஏற்கப்படுவார்.
'எங்கும்' என்பதற்குக் கீழே
முதல் பருவத்தில் போட்ட பென்சில் கோடு
இன்னும் இருக்கிறது. கொஞ்சம் வளைந்து.
வெள்ளி இரவு பஸ்ஸில்
கினிகத்தேனை இறக்கத்தில் போட்டது.

சனிக்கிழமை வகுப்பில் குளிர்.
மலைக்குளிர் மாதிரி இல்லை,
சட்டைக்குள் வராமல்
எலும்புக்குள் நேரே போகிற குளிர்.
வலப்பக்கம் வங்கிச் சட்டத்தரணி,
இடப்பக்கம் வெளிநாட்டமைச்சு.
முதல்நாள் அறிமுகத்தில்
எல்லோரும் ஊர் சொன்னார்கள்.
நான் டிவிஷன் சொன்னேன்.
யாரோ கணிதத்தில் என்ன என்று கேட்டார்.
சிரித்தேன், நானும்.

இரண்டாம் தவணைக் கட்டணம்
மதினியின் சீட்டுக் காசு.
கேட்காமலே ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்தாள்,
நோட்டுகள் சூடாக இருந்தன.
ஒரு ராத்திரி தூக்கம் வராமல்
அதை வகுத்துப் பார்த்தேன்.
எண்பத்து மூன்று பேர்.
அரைகளையும் சேர்த்தால்
இன்னும் எத்தனையோ காலைப் பெரட்டு.
முன்னட்டையில்
ஒரே ஒரு பேருக்குத்தான் இடம் என்கிறது
பீடத்தின் வழிகாட்டி, பன்னிரண்டு புள்ளி எழுத்தில்.

"என்னா அது, கத்திக் கத்திப் படிக்கிற?"
ஊதியத்தைப் பற்றி, மதினி.
"யாரு கையெழுத்துப் போட்டது?"
இலங்கையும் சேர்ந்திருக்கு.
"எப்ப?"
எண்பதுல.
விரலை மடக்கி எண்ணினாள்.
"நான் பொறக்கவே இல்லியே."
அட்டை சுருண்டு விழுந்தது.
இரத்தம் நிற்கட்டுமென்று
தேயிலைத் தூளை அப்பினாள்.
பிறகு உள்ளே போகிற போக்கில்,
"அப்ப அரியர்ஸ் நெறைய இருக்கு."

அடுப்பில் விறகு ஈரம்.
புகை என் திரைவரைக்கும் வருகிறது.

நாற்பத்தொன்று என்ற இலக்கத்துக்குப் பக்கத்தில்
தமிழிலேயே தட்டுகிறேன்:
பேர்.
கணினி கீழே சிவப்புக் கோடு போடுகிறது.
கரண்ட் போவதற்குள்
சேமித்துக்கொள்கிறேன்.