நனைத்த சாக்கு

ஐப்பசியில் கீழணையைத் திறந்துவிட்ட மூன்றாம் இரவு
எங்கள் தெருவுக்கு வந்தது.
நாய்தான் முதலில் பார்த்தது.
குரைக்கவில்லை.
பின்னாலேயே நகர்ந்து வந்து என் காலில் முட்டியது.

செல்போன் வெளிச்சத்தில்
தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இரண்டு பீடி நெருப்பு.
"யாருடா அங்க?" என்றார் தனவேல்.
பீடிகள் பதில் சொல்லவில்லை,
அணையவும் இல்லை.

சிதம்பரத்திலிருந்து வனத்துறை வர ஒன்றேகால் மணி நேரம்.
அதுவரை பாதி ஊர் மாடியில்,
மீதி ஊர் டிராக்டர் டிப்பரில்.
"பாவம், பசியோ என்னவோ" என்றாள் வைரக்கண்ணு.
ஆடியில் அவள் கிடாவைத்தான்
ஆறு இழுத்துக்கொண்டு போயிருந்தது.

நாலே பேர் வந்தார்கள்.
கயிறு, மூங்கில், நனைத்த யூரியா சாக்கு.
"கண்ண மூடிட்டா அடங்கிடும்" என்று
சுண்டுவிரல் இல்லாதவர் சாக்கை வீசினார்.
அடங்கிவிட்டது.
பதினோரு அடி நீளத்தில்
சாக்கு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

முதலையைக் குட்டியானையில் ஏற்றினோம்.
சிரிக்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.
வக்காரமாரிக் குளத்தில் விட்டதாகச் சொன்னார்கள்.

மறுவாரம் படித்துறையில் பலகை நட்டார்கள்.
முதலைகள் நடமாடும் பகுதி. ஆற்றில் இறங்காதீர்.
பல் தெரிய ஒரு படம்.
எழுத்துக் கூட்டிப் படித்தேன்.
மாற்றுச்சேலையை அதன்மேல் போட்டுவிட்டு
இறங்கினேன்.

குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு குடம்.
எருமைக்கே இரண்டு போய்விடும்.

முதலில் ஒரு கல் எறிவோம்.
கொக்கு நிற்கிறதா என்று பார்ப்போம்.
இளவழகி துவைத்தால் நான் தண்ணீரைப் பார்ப்பேன்,
நான் துவைத்தால் அவள்.
பார்த்துப் பார்த்து
மிதந்து வரும் தென்னமட்டைக்கெல்லாம்
மூக்கு முளைத்துவிட்டது.

நேற்று ஒரு மட்டை
ஓட்டத்தை எதிர்த்துப் போனது.

எப்படி ஏறினோம் என்று தெரியாது.
மேலே நின்று பார்த்தால் பழைய கொள்ளிடம்
ஒன்றும் அறியாத பிள்ளைபோல் கிடந்தது.
எங்கள் நுரை மட்டும்
தனியே சுற்றிக்கொண்டிருந்தது.

இன்று பன்னிரண்டு பேர் கையெழுத்தோடு போனோம்,
இன்னொரு குழாய் கேட்டு.
மனுவின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு
"அதான் பலகை வெச்சாச்சேம்மா" என்றார் அலுவலர்.

அந்த யூரியா சாக்கை அன்றைக்கு
யாரும் திருப்பி எடுத்துப் போகவில்லை.
எங்கள் கொட்டகைக் கொடியில்தான் கிடக்கிறது.

நாளைக்கு
சோப்பு வேறு வாங்க வேண்டும்.