இருபத்துப் பத்து

பிறப்புச் சான்றிதழைத் தலைமை ஆசிரியை
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
ஐந்நூறு ரூபாய் நோட்டைப் பார்ப்பதுபோல்.
ஆகஸ்டு நான்கு.
ஜூலை முடிவதற்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டும்.
"நாலு நாள்தானேம்மா, பார்த்துக்கலாம்.
ஒண்ணாங்கிளாஸுல இதுவரைக்கும் பதினோரு பேருதான்.
எங்களுக்கும் தலை வேணும்."

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி ஜூலை இருபத்தேழு.
ராயபுரம் ஆஸ்பத்திரியில் எட்டு நாள்
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
வலி வரவில்லை.
மெர்வினுக்கு அப்போதே அவசரம் கிடையாது.

அவன் அப்பா எண்ணூர் ரோட்டில்
கன்டெய்னர் வரிசையில் இரண்டாவது நாள்.
முன்னால் இன்னும் நூறு வண்டி என்கிறார் போனில்.
"சேத்துடு. நம்ம வீட்டுல யாரும்
ஸ்கூலுக்கு லேட்டா போனதில்ல,
சீக்கிரமா திரும்பி வந்ததுதான்."
அவர் சிரிக்க, பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள்.

அவரைச் சேர்த்தபோது சான்றிதழே இல்லை.
வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து
இடது காதைத் தொடச் சொன்னார்களாம்.
தலையைச் சாய்த்துத்தான் தொட்டேன் என்று
கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஒப்புக்கொண்டார்.
ஆறாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்ததற்கும்
அந்தச் சாய்வுக்கும் சம்பந்தமில்லை என்று
இன்றைக்கும் சாதிக்கிறார்.

மாடி வீட்டு ஷம்ஷாத் நாலே முக்காலில் சேர்த்துவிட்டாள்.
பையன் இப்போது மூன்றாவது.
பிரேயர் வரிசையில் இன்னும் முதல் ஆள்.
"ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் படிக்கிறான்" என்றவள்
ஈரத்துணியை இரண்டு முறை உதறிவிட்டு,
"ராத்திரியிலதான் பல்லைக் கடிக்கிறான்" என்றாள்.

மெர்வின் செருப்பைக் கால் மாற்றித்தான் போடுவான்.
ஒன்றரை மணியானால் தூங்குவான், எங்கிருந்தாலும்.
போன வாரம் ரேஷன் கடை வரிசையில்
என் முழங்காலில் சாய்ந்து, நின்றபடியே.
'ழ' வராது.
எனக்கும் சில நேரம் வராது.

யாரிடமும் சொல்லாத ஒன்று:
தண்டையார்பேட்டை கம்பெனியில்
ஜூனிலிருந்து முழு ஷிப்டுக்கு ஆள் கேட்கிறார்கள்.
சட்டையில் நூல் பிசிறு வெட்டுவது,
மாதம் இரண்டாயிரம் கூட.
பால்வாடியை மூன்று மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.
ஸ்கூல் நாலு பத்து வரைக்கும்.
அவனுக்கு வயசாகிவிட்டதா என்று
இத்தனை ராத்திரி நான் யோசித்ததில் பாதி
இந்த ஒரு மணி பத்து நிமிஷத்தைத்தான்.

விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தோம்.
கொருக்குப்பேட்டையில் கேட் மூடியிருந்தது.
பைக்குகள் அணைந்தன.
ஒருவர் தண்ணீர் கேனோடு குனிந்து உள்ளே போனார்,
எல்லோரும் திட்டினார்கள்,
இன்னொருவர் குனிந்தார்.
"தூக்கும்மா" என்றான். கனக்கிறான்.
கூட்ஸ் வண்டி, ஆயில் டேங்கர்கள்.
எண்ண ஆரம்பித்தான்.

இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொம்பது,
இருபத்துப் பத்து.
நிறுத்தவில்லை.
இருபத்துப் பதினொண்ணு.
இருபத்துப் பன்னண்டு.
டியூஷன் பையோடு பக்கத்தில் நின்ற பெண்
"முப்பதுடா" என்றாள்.
சக்கரச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.
நானும் வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன்.
கார்டு பெட்டி வந்தபோது
"இருபத்து இருபத்தொண்ணு!" என்று கத்தினான்.
நாற்பத்தொன்று.
மனசுக்குள் சரிபார்த்தேன்,
ஒரு பெட்டி கூடத் தப்பவில்லை.

அடுத்த ஜூனில் யாராவது முப்பது என்பார்கள்.
அப்போது சொல்லட்டும்.
பதினோரு பேர் பதினோரு பேராகவே இருக்கட்டும், டீச்சர் மன்னிக்கணும்.
அவன் அப்பாவிடம் வரிசை நகர்ந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.
சூப்பர்வைசரிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கேட் தூக்கினார்கள்.
இரண்டு பக்கத்து வண்டியும் ஒரே நேரத்தில் பாய,
"இரும்மா" என்று இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினான்.
பின்னால் அத்தனை ஹாரனும் அடிக்க
நடு ரோட்டில் உட்கார்ந்து
இரண்டு செருப்பையும் கழற்றி
பார்த்து, யோசித்து,
மறுபடி அதே மாற்றுக் காலில்
போட்டுக்கொண்டான்.