அசையாமல் இருந்த அளவு

ஸ்டேஷன் பெயர் மாறி வெகுநாள் ஆயிற்று.
ஆட்டோக்காரர்களுக்கு இன்னும் கோலிவாடாதான்.
எனக்கும்.

அதன் நடைமேம்பாலத்தில்
ஒரு கால் வழுக்கும் பழைய ஸ்டாண்டை நிறுத்தி,
வழுக்கும் காலுக்கு என் செருப்பை முட்டுக்கொடுத்து
ஒற்றைச் செருப்போடு நிற்கிறேன்.
மணி பன்னிரண்டு இருபது.
மாலை முழுக்க லேபில்
யார் யாருடைய ரத்தத்துக்கோ எண் ஒட்டிய விரல்
ஒயர் நுனியில் ஒரு பொத்தானை அழுத்துகிறது.
கேமராவைத் தொட்டு அழுத்தினால்
என் நாடித்துடிப்பும் படத்தில் ஏறிவிடும்.

திறக்கிறது.

எண்ணத் தேவையில்லை, தானே மூடிக்கொள்ளும்.
ஆனாலும் எண்ணுகிறேன்.
பகலில் என்னை யாரும் முப்பது நொடி
சும்மா விட்டதில்லை.

பன்வெல் வண்டி போகிறது.
சன்னல்கள் உருகி ஒரே மஞ்சள் நூல்,
கடைசியில் கொஞ்சம் சிவப்பு.
வாசலில் தொங்கியவன்,
கம்பியில் தலைசாய்த்துத் தூங்கியவள்,
விற்றது போக மீந்த கொய்யாக்கூடை,
ஒன்றும் இல்லை. நூல்தான்.
முதல்முறை இதைப் பார்த்தபோது பயந்தேன்:
இத்தனை பேரை எங்கே வைத்தேன்?

தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு கைவண்டி,
மேலே சாக்கு போர்த்தி உறங்கும் ஒருவர்,
அடியில் நாய்.
அவ்வளவு துல்லியம்,
சாக்கின் இழைகளை எண்ணலாம்.
நாயின் வால் மட்டும் புகை.
கனவில் யாரோ வந்திருப்பார்கள்.

“காய் சாலூ ஆஹே?”

கான்ஸ்டபிள் பாக்வே.
பெயர் நெஞ்சில் குத்தியிருந்தது.
ரயில்வே இடத்தில் படம் எடுக்கக்கூடாது என்று ஆரம்பித்து
எங்கே காட்டு என்று முடித்தார்.
காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.

“அந்தக் கம்பத்தடியில்தானே நடந்துகொண்டிருந்தேன்,
பீடிகூடப் பிடித்தேனே.
நான் எங்கே?”

கம்பத்தடியில் ஒரு சிவப்புக் கீற்று,
வாய்க்கும் இடுப்புக்குமாய்
ஏறி இறங்கிக் கிறுக்கியிருந்தது.
“இதுதான் சார் நீங்கள்.”

சிரிக்கவில்லை.
பதினொரு வருஷமாக இந்தப் பாலத்தில் டூட்டி என்றார்,
என்னிடமா கேமராவிடமா தெரியவில்லை.
பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு
அவரே போய் நின்றார்,
கையைப் பின்னால் கட்டி, மூச்சைப் பிடித்து,
குடியரசு தின அணிவகுப்பில் நிற்பதுபோல.

பத்து.
பதினைந்து.
இருபத்திரண்டில் வாக்கிடாக்கி கரகரத்தது.
தலையை மட்டும் திருப்பினார்.

சட்டை விழுந்திருந்தது, பெல்ட் விழுந்திருந்தது,
பூட்ஸின் அவிழ்ந்த கயிறுகூட.
கழுத்துக்கு மேல் இரண்டு பேர்:
நம்மைப் பார்க்கும் ஒருவர்,
கூப்பிட்ட பக்கம் பார்க்கும்
மங்கலான இன்னொருவர்.

“வீட்டிலும் இதைத்தான் சொல்கிறாள்” என்றார்.
அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்துவிட்டு
கரகரப்பை நோக்கிப் போனார்.

அப்புறம் ஒரு சரக்கு வண்டி.
பாலம் காலடியில் அதிர, நகரத்து விளக்குகள் அத்தனையும்
ஒரே கையெழுத்தில் எதையோ எழுதிவிட்டன.
கெட்டுப்போன படம்தான்.
அழிக்கவில்லை.

கடைசியாக ஒன்று மிச்சம்.
பொத்தானைப் பூட்டிவிட்டு
நானே எதிர்ப்படிக்கு நடந்தேன்.
போய் உட்காரப் பன்னிரண்டு நொடி ஆனது.
மீதிப் பதினெட்டும் அசையவில்லை,
கொசு கடித்தும்.

பதினெட்டு நொடிக்கான நான் அங்கே இருந்தேன்.
நெஞ்சுக்குள் பாலத்தின் கம்பிகள்,
கம்பிகளுக்கிடையே ஆண்டாப் ஹில்லின் விளக்குகள்,
அதில் ஒன்று எங்கள் சமையலறையாக இருக்கலாம்.
நடந்துபோன பன்னிரண்டு நொடியைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன்.
வெறும் தரை.

செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டேன்.
ஸ்டாண்ட் மெல்லச் சாய்ந்தது.
பிடித்துக்கொண்டேன்.