உறையக் கூடாது

கொலஸ்ட்ராலை மில்லிகிராமில் நிறுப்பது என் வேலை.
போன வாரம் டாக்டர் சொன்னார், என் ரத்தத்தில் அது கூடுதலாம்.
சிரித்துவிட்டேன். அவருக்குக் காரணம் தெரியாது.

டர்பனில், உம்பிலோ சாலைக்குப் பின்னால், இரண்டாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து டீசல் வாடை.
உருண்டைக் குடுவையின் அடியில்
கொழுப்பைச் சுழற்றிச் சுழற்றிக் காயவைப்பேன்.
பால் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கிடக்குமே,
கழுவச் சோம்பலாகும் அந்த ஆடை, அவ்வளவுதான் பார்வைக்கு.
உப்புநீர் ஊற்றிக் குலுக்கினால்
தானே உரிந்து தானே சுருண்டு
தன்னை மூடிக்கொள்ளும்.
நீருக்கு அஞ்சிய வால்கள் ஒண்டிக்கொள்ள
இரு பக்கமும் தலைகள் காவல் நிற்க
நடுவே ஒரு துளிக்கும் சிறிய அறை.

பிறகு சல்லடைத் தாளின் வழியே
இங்கும் அங்குமாய்ப் பதினொரு தடவை தள்ள வேண்டும்.
பெருவிரல் வீங்கும்.
பொங்கேகிலே ஜூலுவில் எண்ணுவாள், நான் தமிழில்.
ஒன்பது வந்ததும் இருவருக்கும் தப்பிப்போகும்.

அறைக்குள்ளே காசக் கிருமியின் ஒரு கிழிசல்.
தனியாக ஊசியில் ஏற்றினால்
உடம்பு அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

தயாளனுக்கு இதை விளக்கினேன்.
பஸ் ஓட்டுகிறவன், என் தம்பி.
பழைய ஊசிகள் அவன் நோயைக் கொன்றன,
கூலியாக இடது காதை எடுத்துக்கொண்டன.

"குமிழி என்ன செய்யும்?"
"நாயை எழுப்பும்."
"ஒரு நாயையா?"
"சாட்ஸ்வர்த்தில் ஒன்று குரைத்தால் தெரு சும்மா இருக்குமா?"
"திருடன் வராமலேயா?"
"அவன் சட்டைத் துணுக்குப் போதும். மோந்து வைத்துக்கொள்ளும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
"எனக்கு வந்தப்போ எல்லா நாயும் தூங்கிடுச்சா, அக்கா?"
நான் வாய் திறப்பதற்குள்
கேளாத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நேற்று இரவு இரண்டரைக்குப் போன்.
கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் எடுக்கவில்லை,
புதிய பையன் ஐஸ் கட்டிகளைத் தேடுகிறான்.
"ஐஸ் வைக்காதே" என்று கத்தினேன்,
"தொடாதே, கதவைத் திறக்காதே."
உறைந்தால் பனியின் முள் அந்தச் சுவரைக் கிழித்துவிடும்.
சூடு கொஞ்சம் பொறுக்கும். குளிர்தான் பொறுக்காது.

தயாளன்தான் கார் ஓட்டினான்.
ரோபோக்கள் எல்லாம் அணைந்திருந்தன.
ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று, நின்று.
வீடுகளின் அலாரம் செத்துப்போன இருட்டில்
வழியெல்லாம் நாய்கள்.
"கேக்குதா?" என்றேன்.
"பாதி" என்றான்.

டார்ச் அடித்துப் பார்த்தேன், ஆறு டிகிரி.
எட்டைத் தாண்டவில்லை.
கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சீசாக்களில்
நீர் கலந்த பாலின் நீலம்.
"இவ்வளவு தண்ணியாவா இருக்கும்?" என்றவன்
குனிந்து, வலது காதைக் குளிர்பெட்டியின் மேல் வைத்தான்.
"மோட்டார் ஓடலையே."
"வரும்."

பேரேட்டில் எழுதினேன்:
மூன்று பத்து. ஆறு டிகிரி. உறையவில்லை.
அவன் இன்னும் காதை எடுக்கவில்லை.