தோன்றா எழுவாய்

துவாஸ் ஊழியர் விடுதிக்கு
இருபத்து மூன்று வாக்கியங்கள்.
சொல்லுக்கு இருபது காசு, வெள்ளிக்கிழமைக்குள்.
ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வினை:
ஃபர்பிட்.

யீஷூன் நூலகத்தில் உட்கார்ந்து
ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்தேன்.
விலக்கு என்றால்
கூடவே ஒரு விதிவிலக்கும் வந்து நிற்கும்.
வீட்டுக்கு விலக்கான மூன்று நாளும் வரும்.
தடை என்றால் செய்தித்தாள்.
மறு என்று போடலாம்தான்.
ஆனால் மறுநாள், மறுபடி, மறுமணம்.
மறுப்பதற்குள்ளேயே
இன்னொரு முறை ஒளிந்திருக்கிறது.
விடுதி அலுவலகம் அதை விரும்பாது.

கடைசியில் எல்லோரும் போடுவதையே போட்டேன்.
பத்து மணிக்கு மேல் சமைக்கக் கூடாது.
கம்பியில் துணி உலர்த்தக் கூடாது.
ஒன்பதாவது, படிக்கட்டில் உட்கார்ந்து
தொலைபேசியில் பேசக் கூடாது.
பதினேழாவது, ஐந்து பேருக்கு மேல்
கூடக் கூடாது.
அதைத் தட்டச்சு செய்துவிட்டுச் சிரித்தேன்.
எதிரே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பையன்
நிமிர்ந்து பார்த்தான்.

"இவ்வளவு சின்னதா?" என்றார் திரு டே.
தமிழ் எப்போதும் நீளம் என்று
பலகையில் தாராளமாக இடம் விட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை,
அச்சில் எழுத்து உடைந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.
உடையவில்லை. சீனத்துக்கும் வங்காளத்துக்கும் நடுவில்
கூடாது கூடாது கூடாது என்று
ஒரே அளவில் இறங்கிக்கொண்டிருந்தது.
வெல்டிங் வேலை பார்க்கும் மாசிலாமணி,
அறந்தாங்கிப் பக்கம்,
ஈரத் துண்டோடு வந்து நின்று
மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"அக்கா, இது யாரு சொல்றது?"
எது?
"கூடாதுங்கிறீங்க. எங்களுக்குக் கூடாது, அது சரி.
யாரு கூடாதுங்கிறா?
மேஸ்திரின்னா பேசிப் பாப்பேன்.
கம்பெனின்னா எழுதிக் குடுப்பேன்.
சாமின்னா ரெண்டு செவ்வாக்கிழமை விரதம் இருப்பேன்.
ஆளே இல்லாம கூடாதுன்னா
நான் எங்க போய் நிக்கிறது?"
அவர் மனைவிக்குக் கடை அடைத்து
வீடு வந்து சேரவே நேரமாகிவிடுமாம்.
அறையில் பன்னிரண்டு பேர் தூங்குவார்கள்.
ஒன்பதாவது வாக்கியத்தின் மேல்
விரலை வைத்தபடியே சொன்னார்.

பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது:
தோன்றா எழுவாய்.
இருக்கும், தலை காட்டாது.
அதைப் போய் அவரிடம் சொல்ல
வாய் எழவில்லை.

எனக்கும் ஒருவர் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்,
ஒன்பது வருஷம்.
கிரகம் சொல்கிறது, குலம் சொல்கிறது,
அங் மோ கியோவில் பதினோராம் மாடி முழுக்கச் சொல்கிறது
என்றே நினைத்திருந்தேன்.
ஒரு நாள் கோபத்தில் ஆங்கிலத்துக்கு மாறினார்.
ஐ ஃபர்பிட் யூ.
ஆங்கிலத்தில் அந்த வினைக்கு
ஆள் முன்னால் வந்து நிற்க வேண்டும்.
நின்றார். பனியன் போட்டிருந்தார்,
மோவாயில் சவர நுரை.
ஓ, இவர்தானா, இவ்வளவுதானா என்று
மின்தூக்கிப் பொத்தானை அழுத்தினேன்.

திங்கட்கிழமை திரு டேயை அழைத்தேன்.
"நிர்வாகம் அனுமதிக்கவில்லை" என்று மாற்றலாமே,
கூடுதல் சொல்லுக்குக் காசு வேண்டாம் என்றேன்.
"கேன்னாட் லா" என்றார். "பிரிண்ட் பண்ணியாச்சு."
இரண்டிலும் எழுவாய் இல்லை.

இரவு பத்தே முக்காலுக்கு
மாசிலாமணியிடமிருந்து ஒரு செய்தி:
அக்கா, படிக்கட்டுலதான் உக்காந்திருக்கேன்.
இன்னும் யாரும் வரல.