லாபம், ரெண்டு, மூணு

மோல்மேன் டவுன்ஷிப் ஆபீஸ் வாசலில்
தகரத்துக்குக் கீழே என் டைப்ரைட்டர்.
மனு ஒன்றுக்கு ஆயிரம் கியாட்.
டீக்காசு மூவாயிரம் தனி.
அதை நாலாக மடித்து
இரண்டாம் தாளுக்கும் மூன்றாம் தாளுக்கும் நடுவில்
வெளியே தெரியாமல் வைத்துத் தருவேன்.
மடிப்புக்குக் கூலி கேட்டதில்லை.
பதினெட்டு வருஷத்தில் ஒருவரும் அதை
லஞ்சம் என்றதில்லை.
நானும்தான்.

மழை விட்ட வாரம்
மேலிடத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது.
தேக்குச் சட்டம், மூன்று பக்கமும் கண்ணாடி,
தலையில் ஒரு கீறல்.
கூடவே பர்மியில் ஒரு நோட்டீஸ்.
"தமிழிலும் எழுதிக் குடு" என்று
ஊ தௌங் ஹான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.
அது வெறும் டீ.

அவர்கள் சொல் பாலியிலிருந்து வந்தது.
எழுத்தில் லாபம்;
வாய்க்குள் பாதியை விழுங்கிவிடுவார்கள்.
புதுக்கடை திறப்பவனுக்கு அதே சொல்லில் வாழ்த்து.
தின்றவன் மாட்டிக்கொண்டால் மட்டும்
அதே சொல்லில் வழக்கு.
சிரித்துவிட்டு என் பக்கம் வந்தேன்.

கையூட்டு: பாடப்புத்தக வாடை.
அன்பளிப்பு என்றால் கல்யாண வீடு.
மாமூல் என்று போட்டால்
வழக்கத்தின்மேல் எவன் புகார் எழுதுவான்?
லஞ்சம் என்பது
வேறு ஊரில், வேறு ஆட்கள் செய்வது.
அதையே எழுதினேன்.
மார்க்கர் மை ஊறி
'ஞ்ச' கொஞ்சம் பரவிவிட்டது.

மகனின் அட்டைக்கு எட்டாம் தடவை வந்திருந்த மயிலேறி
நோட்டீஸை அண்ணாந்து பார்த்தார்.
தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டத் தெரியாது.
பெட்டியைப் பார்த்தார்.
கண்ணாடியும் கீறலும் இருந்தால் இந்த ஊரில்
அது பகோடா, மடம், கோயில், பள்ளிவாசல்.
ஐந்நூறு கியாட்டைக் கண்ணில் ஒற்றி உள்ளே போட்டார்.
அவரைப் பார்த்து இன்னொருவர்.
நான் சொல்லியிருக்கலாம்.
யாருக்கோ தட்டச்சடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம்தான்
இரண்டாம் ஜன்னலுக்கு மி சான் டா வந்தாள்,
முடோன் பக்கத்து மோன் பெண்.
மடித்த நோட்டை விரித்து,
சுருக்கம் நீவி,
இரண்டு கையாலும் திருப்பிக் கொடுப்பாள்:
"உங்க தாள் மட்டும் போதும்."

வெளிறிப்போய் என்னிடம் திரும்பி வந்தார்கள்.
கம்மியா வச்சுட்டியா?
ஐயாயிரமாக்கிப் பார்ப்போமா?
தெய்வகன்னி அழுதேவிட்டாள்:
"வாங்காத கை எப்படிய்யா எழுதும்?"
எனக்கும் உள்ளே ஏதோ சுருக்கென்றது.
என் மடிப்பை ஒருத்தி பிரித்துவிட்டாள்.

மாசக் கடைசியில் பெட்டியைத் திறந்தார்கள்.
ஒரே ஒரு புகார்.
தமிழ்தான், ஆனால் பர்மிய எழுத்தில்:
'ரெண்டாம் ஜன்னல் பிள்ளை எதுவும் வாங்க மாட்டேங்குது.
எங்ககிட்ட என்ன குத்தம் கண்டுச்சோ.
தயவு பண்ணி வாங்கச் சொல்லணும்.'

"என்ன எழுதியிருக்கு?"

பர்மியில் சொன்னேன்.
ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.
ஊ தௌங் ஹான் வெகுநேரம் சிரித்தார்.
பிறகு சிரிக்காமல்
அதை ஃபைலில் குத்திக்கொண்டார்.
தை பிறக்குமுன்
அவளைப் பழைய ரிக்கார்டு அறைக்கு மாற்றினார்கள்.
பெட்டி வந்ததால் நடந்த
ஒரே நடவடிக்கை.

மிச்சமெல்லாம் நோட்டு.
எண்ணச் சொல்லி என் முன்னால் கொட்டினார்கள்.
தட்டோன் ரோட்டில் அப்பாவுக்கு அரிசிக் கடை.
அவர் மரக்கால் அளக்கும்போது
ஒன்று என்று தொடங்கமாட்டார்.
அந்தப் பழக்கம் நாக்கில் இருந்திருக்கிறது.
முதல் நோட்டை மேஜையில் வைத்து
உரக்கவே சொல்லிவிட்டேன்:
லாபம்.

ஜன்னலில் அவள் தலை நிமிர்ந்தது.
தமிழில் அந்த ஒரு சொல்
அவளுக்கும் தெரியும்.

ரெண்டு,
மூணு.